வாசல் கோலத்தில் டங்ஸ்டன்

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று வீட்டில் புரியவைக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் கிடைத்தது. எங்கள் வீடு நெசவு வீடு. இழை என்று சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பழைய குண்டு பல்புக்குள்ளே ஓர் இழை சுருண்டிருக்குமே, அது டங்ஸ்டன் என்கிற உலோகம், அது பூமிக்குள் எப்படி ஓரிடத்தில் வந்து சேர்கிறது என்பதைத்தான் படிக்கிறேன் என்றேன். அண்ணன் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, "பல்பெல்லாம் எல்.இ.டி. ஆயி எத்தினி வருசம் ஆவுது, நீ இப்பப் போயி அதப் படிச்சிக்கினு இருக்கறியேமா" என்றான். இரும்பை அறுக்கும் பிளேடுக்கும் பாறையைத் துளைக்கும் முனைக்கும் டங்ஸ்டன் இல்லாமல் முடியாது என்று நான் ஆரம்பித்ததும் நாடாவைத் தட்டி நெய்யத் தொடங்கிவிட்டான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அது அவனுக்கும் தெரியும்.

அண்ணிதான் விடவில்லை. எதையும் பாதியில் விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ராட்டையில், குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டே கேள்வி மேல் கேள்வி கேட்டாள். டங்ஸ்டன் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் வெள்ளீயமும் கூடவே வரும் என்றேன்.

"வெள்ளீயம்னா? நம்ம ரசம் வெக்கற ஈயச்சொம்பா?"

அதேதான் என்றதும் என் படிப்பின் மேல் அவளுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. சமையலறைச் சாமானோடு சம்பந்தப்பட்ட படிப்பென்றால் சும்மாவா?

அன்று நான் அவளுக்குச் சொன்னது இதுதான். பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகும். அந்தக் குழம்பு மெல்ல மெல்ல, மனிதக் கணக்குக்கு எட்டாத காலம் எடுத்துக்கொண்டு, ஆறி இறுகினால் கருங்கல். ஆறும்போது எல்லாமே ஒரே நேரத்தில் இறுகிவிடாது. ஒவ்வொரு கனிமமாகப் படிகம் கட்டும். முதலில் கட்டும் படிகங்கள் தங்களுக்குத் தோதான அணுக்களை மட்டும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். வெள்ளீயத்துக்கும் டங்ஸ்டனுக்கும் அந்தக் கூட்டில் பெரும்பாலும் இடம் கிடைக்காது. பருமன் ஒத்துவராது, இல்லாவிட்டால் மின்னூட்டம் ஒத்துவராது. அதனால் இவை இரண்டும் மிச்சக் குழம்பிலேயே நின்றுவிடும்.

"கல்யாணத்துல மொதப் பந்தில எடம் கெடைக்காம நிப்பாங்களே, அந்த மாரியா?" என்றாள் அண்ணி.

அப்படியேதான். அடுத்த பந்தியிலும் இடம் கிடைக்காது, அதற்கடுத்த பந்தியிலும் கிடைக்காது. குழம்பு குறையக் குறைய, மிச்சத்தில் இவர்கள் கூட்டம்தான் அதிகமாகிக்கொண்டே போகும். தண்ணீர், ஃப்ளூரின், போரான் என்று வேறு சிலரும் அதே வரிசையில் நிற்பவர்கள். எல்லோரும் கருங்கல் திரளின் உச்சியில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். அழுத்தம் தாங்காமல் மேலே உள்ள பாறை பிளக்கும். கொதிக்கும் நீர் அந்தப் பிளவுகளில் பாயும். போகிற போக்கில் பக்கத்துப் பாறையையும் அரித்து அப்ரகமாக மினுமினுக்க வைத்துவிடும். பிறகு ஆறும். ஆறியதும் பிளவெல்லாம் குவார்ட்ஸ் என்கிற வெள்ளை வெங்கச்சங்கல்லாக அடைத்துக்கொள்ளும். அந்த வெள்ளைக்குள்தான் நாங்கள் தேடும் வெள்ளீயத் தாதும் டங்ஸ்டன் தாதும் உட்கார்ந்திருக்கும்.

"அப்ப நம்ம கோயில் தூணுல?" என்றாள் உடனே.

எல்லாக் கருங்கல்லிலும் இது நடக்காது, பழைய மண்ணடுக்குகள் மறுபடி உருகி வந்த சில கருங்கல்லில்தான் நடக்கும் என்றேன்.

"நல்லதாப் போச்சு. இருந்திருந்தா பேத்துக்கினு போயிருப்பானுங்க."

இவ்வளவும் எல்லோரும் படித்த பாடம். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரே ஒரு அத்தியாயம்தான் இருந்தது, ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். வடக்கே ஒரு மாநிலத்தில் நான் வேலை செய்த மலையில் டங்ஸ்டன், இரும்போடு சேர்ந்த கருப்புத் தாதாகக் கிடைக்கிறது. அது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தக் கொதிநீர் கருங்கல்லை விட்டு வெளியே ஓடி, பக்கத்தில் இருந்த சுண்ணாம்புப் பாறையையும் தொட்டிருக்கிறது என்பது என் கட்சி. அப்படித் தொட்டிருந்தால் டங்ஸ்டன் அங்கே சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து ஷீலைட் என்ற வேறொரு தாதாகியிருக்க வேண்டும். சங்கடம் என்னவென்றால், பொடியாக இருக்கும் ஷீலைட்டை வெறும் கண்ணால் வெங்கச்சங்கல்லிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால்தான் நீல வெள்ளையாக ஒளிரும்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் சிரிக்க மாட்டார். "கண்ணுல காட்டுங்க. காட்ட முடியலன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துருங்க" என்றார். எடுத்துவிட்டால் மிஞ்சுவது பிறர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னது மட்டுமே. அதற்கு ஒரு பட்டம் கிடைக்கும், கிடைத்தாலும் எனக்கு மனம் ஒப்பாது. நிரூபிக்க என்னிடம் இருந்தவை அந்தச் சுண்ணாம்பு ஓரத்திலிருந்து வந்த இரண்டே கற்கள். போய் இன்னும் கொண்டுவரலாம் என்றால், நாங்கள் வெட்டிய குழியை நிலத்துக்காரர் மூடி, மேலே வீடு கட்ட அஸ்திவாரமும் போட்டுவிட்டார்.

வைகாசி விடுமுறையில் கற்களோடும் பேராசிரியரிடம் இரவல் வாங்கிய விளக்கோடும் வீட்டுக்கு வந்தேன். முழுவதையும் பொடித்துப் பார்த்துவிடச் சொல்லியிருந்தார், ஏனென்றால் ஷீலைட் இருந்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். சாயங்காலம் இரும்பு உரலில் போட்டு இடித்தேன். அண்ணன் கொடுத்த பட்டுத் துண்டில் சலித்தேன். பஞ்சு மாதிரி வெள்ளை வெளேரென்று வந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி, மறந்துபோகாமல் இருக்க என் பைக்குப் பக்கத்திலேயே வாசற்கதவின் பின்னால் வைத்தேன். காலையில் தறி அறையின் சன்னலை அடைத்து, நிதானமாகப் பார்ப்பதாகத் திட்டம்.

கதவின் பின்னால்தான் எங்கள் வீட்டில் கோலமாவு வைப்பது வழக்கம். எங்கள் தெருவுக்கு வரும் கோலமாவும் இடித்த வெங்கச்சங்கல்தான். மறுநாள் கருட சேவை.

நாங்கள் திருநீறு பூசுகிற குடும்பம். ஆனாலும் சின்ன காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு, வரதர் கருடன் மேல் ஏறித் தெருவில் வரும்போது வாசலை வெறுமனே விடுவதாவது? அன்றைக்குத் தெருவில் யார் கோலம் பெரிது என்பதில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு போட்டி உண்டு. அண்ணி அதில் பல வருடங்களாக எதிர்வீட்டு அக்காவிடம் மயிரிழையில் தோற்றுக்கொண்டிருந்தாள். இது அண்ணியின் கணக்கு. எதிர்வீட்டு அக்காவின் கணக்கில் மயிரிழை எல்லாம் கிடையாது.

நான் எழுந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. அண்ணி குளித்து, தலையில் ஈரத் துண்டோடு, முகமெல்லாம் பூரிப்பாக நின்றாள்.

"பாப்பா, எழுந்து வந்து பாரு. இந்த வருசம் எதிர்வீடு காலி. நீ வாங்கியாந்த மாவு இருக்குதே, இன்னா ஓட்டம்! விரல்லேந்து நூலு மாரி எறங்குதுமா."

நான் எந்த மாவும் வாங்கி வரவில்லை. பாயிலிருந்து வாசலுக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. சாணம் தெளித்த தரையில், தெருவின் பாதி அகலத்துக்கு, சங்கும் சக்கரமும் சுற்றிலும் தாமரையுமாக என் கடைசி அத்தியாயம் விரிந்து கிடந்தது. டப்பா சுத்தமாகக் காலி. ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கூடத் தட்டிப் போட்டிருந்தாள்.

"அண்ணி, அது கோலமாவு இல்ல" என்றேன். "அதான் என் கல்லு."

அவள் முகம் தொங்கிப்போனதை இன்று நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஆனால் அந்த நிமிடம் பாவமாக இல்லை, பயங்கரக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. வெள்ளை மாவைக் கோலமாவுக்குப் பக்கத்தில் வைத்தவள் நான். அதை எடுத்துக் கோலம் போட்டது எங்கள் தெருவில் யாராயிருந்தாலும் செய்திருக்கக்கூடிய காரியம். வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். அண்ணனும் வந்து பார்த்தான், காலி டப்பாவை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. டப்பாவில் இருந்தால் என்ன, தரையில் இருந்தால் என்ன, இருந்தால் ஒளிரத்தானே வேண்டும்? இருட்டுதான் இல்லை. "அண்ணி, அந்தப் பெரிய ஜமக்காளத்த எடுத்தாங்க" என்றேன்.

அதன்பின் எங்கள் தெரு கண்ட காட்சியை இன்றுவரை யாரும் மறக்கவில்லை. கருட சேவை அன்று, ஊரே பட்டுடுத்தித் திரியும் நேரத்தில், ஒரு ஜமக்காளம் நடுத்தெருவில் தவழ்ந்துகொண்டிருந்தது. உள்ளே நானும் அண்ணியும் விளக்கும். கோலம் கலையாமல் இருக்க, கோடுகளுக்கு நடுவே முழங்காலை ஊன்றி ஊன்றி நகர்ந்தோம். வெளியே யாரோ, "இன்னாத்த தொலைச்சிட்டாங்க? கம்மலா, மூக்குத்தியா?" என்று கேட்க, அண்ணன் கூச்சமே இல்லாமல், "டங்ஸ்டன்" என்றான்.

சங்கின் வளைவில் முதல் ஒளி தெரிந்தது. நீலமாக, பளிச்சென்று. அண்ணி என் கையைப் பிடித்து நசுக்கினாள். கிட்டே குனிந்து பார்த்தேன், என் மூச்சுப் பட்டதும் அது எழுந்து பறந்துபோனது. வேட்டிப் பிசிறு. சலவைத்தூளில் கலக்கும் வெளுப்பு மருந்தும் இந்த விளக்கில் நீலமாகத்தான் ஒளிரும். நெசவுத் தெருவில் பிசிறுக்குப் பஞ்சமா? அங்கேயும் பிசிறு, இங்கேயும் பிசிறு. எனக்கு அழுகை வந்தது.

"ஊது" என்றாள் அண்ணி. "பறக்கறது பறக்கட்டும். பறக்காதத பாப்போம்."

இரண்டு பேரும் ஊதினோம். சக்கரத்தின் நடுவில் அவள் மாவைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருந்தாள். அங்கே ஊதியும் ஒரு நீலப் புள்ளி நகரவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு நாலைந்து. விளக்கை மெல்ல நகர்த்தினால், தாமரை இதழ் ஓரமாக, பொடிப்பொடியாக, நீல வெள்ளையாக ஒளி தெரிந்துகொண்டே போயிற்று. டப்பாவுக்குள் குவியலாக இருந்திருந்தால் பாதி மறைந்திருக்கும். அண்ணியின் விரல் அதை மெல்லிய கோடாக இழுத்துப் பரப்பி வைத்திருந்ததால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கண்ணில் பட்டது.

நான் கத்திவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. ஒளிர்வது என் கல்தானா, தெருவில் கிடந்த வேறு ஏதாவதா? ஜமக்காளத்தோடு அப்படியே எதிர்வீட்டுக்குத் தவழ்ந்தோம்.

"யம்மா, என் கோலத்துல இன்னா வேல உங்களுக்கு?" என்று எதிர்வீட்டு அக்கா அலறினாள்.

அக்காவின் கோலத்தில் பிசிறு மட்டும்தான் பறந்தது. ஊதினபின் ஒரு புள்ளி நீலம் கூட இல்லை. "ஒண்ணுமில்லக்கா, உங்களுதுல ஒண்ணுமே இல்ல" என்று நான் சந்தோஷத்தில் சொல்லிவைக்க, அவள் முகம் கடுகடுவென்றாகிவிட்டது. அண்ணிக்கு ஜமக்காளத்துக்குள் சிரிப்புத் தாங்கவில்லை.

வெளியே வந்தபோது மேளச் சத்தம் கேட்டது. தெருக்கோடிக்கு அப்பால் வெள்ளைக் குடைகளின் உச்சி தெரிந்தது. பெண்கள் குடங்களோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். சுவாமியைத் தோளில் சுமந்து வருகிறவர்களின் கால் சுடாமல் இருக்க, எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றுவார்கள். அத்தனை தண்ணீரும் கோலத்தின் மேல்தான் ஓடும். கோலம் அதற்காகத்தான் போடுவது. சுவாமி வந்து, சனம் மிதித்து, தண்ணீரில் கரைந்து போனால்தான் அதற்குப் பெருமை. சுவாமி வருவதற்கு முன் அதை அழிப்பது என்பது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத காரியம்.

நான் குடைகளைப் பார்த்தேன், கோலத்தைப் பார்த்தேன். அண்ணி விடியுமுன் எழுந்து போட்ட கோலம். ஊரே பார்க்கப் போகிற கோலம். அழியுங்கள் என்று என்னால் வாய் திறந்து கேட்க முடியவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அண்ணி உள்ளே ஓடினாள். பாவுக்குக் கஞ்சி தடவும் புதுத் தூரிகையோடும் ஒரு தாம்பாளத்தோடும் திரும்பி வந்தாள். நேராகச் சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்து கூட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, சாமி வந்துக்கினு இருக்குது..."

"வரட்டும். சாமி வருசா வருசம் கோலம் பாக்கறாரு. உன் கல்ல எவன் பாத்தான்? அள்ளு!"

அள்ளினேன். அண்ணனும் அள்ளினான். சாணித் தூளும் மண்ணும் மாவுமாகத் தாம்பாளத்தில் சேர்ந்தது. சங்கு போயிற்று, சக்கரம் போயிற்று, தாமரை இதழ் இதழாகப் போயிற்று. அப்போது எதிர்வீட்டு அக்கா தன் கோலமாவு டப்பாவோடு வந்தாள். கடுகடுப்பு அப்படியேதான் இருந்தது. "வெறும் வாசலா வுடுவீங்க? தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணி அள்ளி முடித்த இடத்திலெல்லாம் கோடிழுக்க உட்கார்ந்தாள். குடை எங்கள் வாசலை நெருங்கும்போது ஒரு சின்னத் தாமரைதான் தேறியிருந்தது, அதிலும் ஓர் இதழ் கோணல். கருடன் மேல் வரதர் ஆடி ஆடி வந்தார். அண்ணி மாவுக் கையோடு கும்பிட்டாள். நான் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கும்பிட்டேன். பக்கத்து வீடுகளின் தண்ணீர் எல்லாம் சேர்ந்து, நாங்கள் அள்ளாமல் விட்ட ஓரக் கோடுகளை இழுத்துக்கொண்டு சாக்கடைக்கு ஓடியது.

மத்தியானம் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு அரித்தேன். அரிசி களைவது போலத்தான். சாணமும் தூசும் மிதந்து போயின. வெங்கச்சங்கல் மாவு அடுத்துப் போயிற்று. டங்ஸ்டன் தாது கனமானது, அடியிலேயே தங்கிவிடும். கடைசியில் விரல் நகத்தளவுக்கு ஒரு படிவு மிஞ்சியது. அதைக் காயவைத்து, தறி அறைச் சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, விளக்கைப் போட்டேன். கருப்புத் தாளின் மேல் அது அவ்வளவும் நீலமாக எரிந்தது. அண்ணன் "அடேங்கப்பா" என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது, முழுச் சேலை ஒரு பிசகில்லாமல் இறங்கும்போது மட்டும்தான்.

பேராசிரியரை வீடியோவில் கூப்பிட்டு, போனை அந்தத் தாளின் மேல் பிடித்தேன். கல் எங்கிருந்து எடுத்தது என்று கேட்டார், சொன்னேன். பிரித்தது எப்படி என்று கேட்டார். மறைக்காமல், கோலம், ஜமக்காளம், ஊதியது, எதிர்வீட்டில் ஒப்பிட்டுப் பார்த்தது, சாணி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். கருவியில் வைத்து உறுதி செய்ய வேண்டும், மணிகளைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள் என்றார். பிறகு, "அந்த அத்தியாயம் இருக்கட்டும்" என்றார்.

"இன்னா சொல்றாரு? இருக்குதாமா, இல்லியாமா?" என்று அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இருக்குது அண்ணி, இருக்கட்டும்ன்றாரு" என்றேன். காலையிலிருந்து தன் கோலம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், போனை என் கையிலிருந்து பிடுங்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"சார், வணக்கம் சார். நீங்க பாத்தீங்களே, அது என் கோலம் சார்."

நான் சேர்ந்த நாளிலிருந்து சிரித்துப் பார்த்திராத மனிதர், அந்தச் சின்னத் திரையில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். பிறகு, கோலத்தை அள்ளுவதற்கு முன் யாராவது படம் எடுத்தீர்களா, ஆய்வேட்டில் சேர்க்க வேண்டுமே என்று கேட்டார். காலையில் போட்டு முடித்த கையோடு ஸ்டேட்டஸில் வைத்தாகிவிட்டது, இப்பவே அனுப்புகிறேன் சார் என்றாள் அண்ணி.